இம்பெல்லர் புதிது, தாரையும் பலம். ஆனாலும் அவுட்போர்ட் கொதிக்கிறது

28 செப்டெம்பர் 2024, வாசகர் கேள்வி

கொழும்பு முகத்துவாரத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது 40 குதிரைவலுவுள்ள, இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட் (படகின் பின்பலகையில் மாட்டும் என்ஜின்), பெற்றோலில் ஓடுவது. தென்மேற்குக் காற்றுக் காலம் முழுவதும் கரையில் கிடந்தது. திரும்ப இறக்கியபோது தண்ணீர் பீய்ச்சவில்லை என்பதால் புதிய இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் றப்பர் சுழலி) போட்டோம். இப்போது என்ஜினிலிருந்து பீய்ச்சும் தண்ணீர்த் தாரை பலமாகப் பாய்கிறது, துறைக்குள் ஒரு குறையும் இல்லை. வெளியே போய் முழு வேகம் கொடுத்தால் சற்று நேரத்தில் என்ஜின் தானாகவே மந்தமாகிறது, பெயின்ற் கருகும் வாடை வருகிறது. வேகத்தைக் குறைத்தால் மெல்லச் சரியாகிறது. "நம்முடைய கடலே வெந்நீர், இங்கே தெர்மோஸ்டாட் எதற்கு, கழற்றி எறி" என்று துறையில் எல்லாரும் சொல்கிறார்கள். எறியலாமா?

28 செப்டெம்பர், இரவு

எறிய வேண்டாம். தெர்மோஸ்டாட் என்பது என்ஜின் சூடேறியபின் திறந்து தண்ணீரை விடும் வால்வு. அதைக் கழற்றிச் சோதிப்பது வேறு, எறிவது வேறு. அதற்கு முன், பாதி விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: மெதுவாக ஓடும்போது சூடு இல்லை, முழு வேகத்தில்தான் சூடு. கொதிக்கும் என்ஜினை யார் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது எந்த வேகத்தில் கொதிக்கிறது என்பதைத்தான். அதற்கு விடை கிடைக்கும்வரை ஸ்பானரைத் தொடுவதில்லை.

இந்த என்ஜின்களுக்கு ரேடியேற்றர் கிடையாது. கியர் பெட்டியின் பக்கத்திலுள்ள துவாரங்கள் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. கியர் பெட்டியின் மேல் அமர்ந்திருக்கும் பம்புக்குள், டிரைவ் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுழலும் றப்பர் இம்பெல்லர் அதை ஒரு குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. அது புகைவழியின் சுவரையும் சிலிண்டர்களையும் அவற்றின் மூடியான ஹெட்டையும் சுற்றி, தெர்மோஸ்டாட் திறந்திருந்தால் அதன் வழியே இறங்கி, புகையோடு கலந்து வெளியேறுகிறது. ஐட்லில், அதாவது வேகம் கொடுக்காமல் மெல்ல ஓடும்போது, பம்பின் வலு குறைவு. ஆகவே தேய்ந்த இம்பெல்லரும், மூடியபடி இறுகிய தெர்மோஸ்டாட்டும் பெரும்பாலும் ஐட்லிலேயே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். வேகம் கூடும்போது திறந்து தண்ணீரை மாற்று வழியில் விடும் அழுத்த வால்வு உள்ள என்ஜின்களில், தெர்மோஸ்டாட் இறுகியிருந்தாலும் முழு வேகத்தில் சூடு சற்றுத் தணியக்கூட இடமுண்டு. உங்களுக்கு நடப்பது இதற்கு நேர்மாறானது. முழு வேகத்தில் மட்டும் கொதிப்பது என்றால், தேவைப்படும் அளவு தண்ணீர் போக முடியாதபடி எங்கோ வழி குறுகியிருக்கிறது, அல்லது தண்ணீரோடு காற்று கலக்கிறது, அல்லது ஹெட்டின் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் வழியாக, சிலிண்டருக்குள் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் கசிகிறது.

29 செப்டெம்பர்

நேற்று இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்: இதைச் சரிபார்க்கும்வரை முழு வேகம் கொடுக்காதீர்கள். "தானாகவே மந்தமாகிறது" என்று நீங்கள் எழுதியதை மறுபடி படித்தேன். புதிய மின்னணு என்ஜின்கள் சூடு கூடினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மணியும் அடிக்கும். கயிறு இழுத்துத் தொடக்கும் பழைய என்ஜின்கள் பலவற்றில் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. அவற்றில் மந்தமாவது என்பது, விரிந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரை உரசத் தொடங்கியதன் அடையாளம். இன்னும் சற்று நேரம் இழுத்தால் அலுமினியம் சுவரில் பூசிக்கொண்டு பிஸ்டன் இறுகிவிடும். வேகத்தைக் குறைத்தவுடன் சரியாகிறது என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடலில் அப்படி நேர்ந்தால் முதலில் ஐட்லுக்கு வந்து தாரையைப் பாருங்கள். தாரை இருந்தால் சில நிமிடம் அப்படியே ஓடவிட்டு ஆற விடலாம்; இல்லையென்றால் உடனே நிறுத்த வேண்டும். வாளியில் கடல்நீர் அள்ளி என்ஜின் மேல் ஊற்றும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. சூடான அலுமினிய ஹெட்டில் குளிர்ந்த நீர் பட்டால் அது கோணிக்கொள்ளும். பிறகு கேஸ்கட் ஒருபோதும் ஒழுங்காகப் பிடிக்காது.

1 ஒக்டோபர்

கடல் வெந்நீர் என்ற வாதத்துக்கு வருகிறேன். கொழும்புக் கடலின் மேற்பரப்பு வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 27 முதல் 30 பாகை செல்சியஸ். அவுட்போர்ட் தெர்மோஸ்டாட்டுகள் பொதுவாக 50க்கும் 60க்கும் இடையில் திறப்பவை. பழைய டூ ஸ்ட்ரோக்குகளில் பெரும்பாலும் 50ஐ ஒட்டி. கார்களில் இருப்பவை 80க்கு மேல் திறக்கின்றன. கடல்நீரை அந்த அளவுக்குச் சூடாக்கினால் அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் சுவரில் படியத் தொடங்கும் என்பதால்தான் அவுட்போர்ட்டுக்குத் தாழ்ந்த அளவு வைத்திருக்கிறார்கள். ஆகவே 30 பாகைத் தண்ணீர் என்ஜினுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடினால் சுவர் எப்போதும் குளிர்ந்தே இருக்கும், எரிபொருள் முழுதாக எரியாது, பிளக்கில் கரி ஏறும், ஐட்லில் தடுமாறும். ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தால் எரியாத பெற்றோல் ஓயிலுக்குள் இறங்கி ஓயில் மட்டமே ஏறிவிடும்.

கழற்றிய பிறகு சூடு குறைந்தது என்று சாட்சி சொல்பவர்கள் உண்டு, அவர்கள் பொய் சொல்லவில்லை. வழி எங்கோ குறுகியிருக்கும்போது இன்னொரு தடையை நீக்கினால் ஓட்டம் சற்றுக் கூடும். குறுகிய இடம் அப்படியே இருக்கும். அது முற்றாக அடைபடும் நாளில்தான் தெரியவரும்.

3 ஒக்டோபர்

தாரை பலமாக இருக்கும்போது தண்ணீர் குறைவு என்று எப்படிச் சொல்லலாம் என நீர்கொழும்பிலிருந்து ஒருவர் கேட்கிறார். தாரை எங்கிருந்து பிரிகிறது என்பதைப் பொறுத்தது அது. பல என்ஜின்களில் அது தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே, சிலவற்றில் ஹெட்டை அடையும் முன்பே பிரிந்துவிடுகிறது. பம்ப் தள்ளுகிறது என்பதற்கு அது சாட்சி. ஹெட்டைத் தண்ணீர் சுற்றியது என்பதற்குச் சாட்சி அல்ல. சொல்லப்போனால், மேலே வழி அடைபட்டிருந்தால் கீழே அழுத்தம் ஏறித் தாரை வழக்கத்தைவிடப் பலமாகக்கூடப் பாயலாம். முகத்துவாரத்துத் தம்பியின் "பலமான தாரை" எனக்கு நல்ல செய்தியாகப் படவில்லை.

இதற்கு எதிரான நிலையும் உண்டு: தாரை அடியோடு நின்றிருக்கும், என்ஜினோ குளிர்ந்தே இருக்கும். கரையில் கிடந்த என்ஜின் என்றால் முதலில் தாரைத் துவாரத்தைப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும். தடித்த தங்கூசியை (நைலோன் தூண்டில் நூல்) துவாரத்துக்குள் விட்டு முன்னும் பின்னும் அசைத்தால் சிவப்புச் சேறாக வெளியே வரும். கம்பி விட வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் வளைவு இருந்தால் அது துளைபடும். இதற்காகவே பம்பை முழுதாகக் கழற்றி மாற்றியவர்களை எனக்குத் தெரியும். பம்பைக் கழற்றும்போது குளவி சிரித்திருக்கும்.

4 ஒக்டோபர்

வெப்பத்தை அளக்க, கொரோனாக் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியைப் பிடித்துப் பார்த்ததாகவும் அது பிழை என்று மட்டும் காட்டியதாகவும் ஒருவர் எழுதியிருக்கிறார். அது மனிதக் காய்ச்சலுக்காகச் செய்தது. 43 பாகைக்கு மேல் அதற்குக் கணக்கு தெரியாது. சிவப்புப் புள்ளி காட்டும் தொழிற்சாலை வகை வெப்பமானி வேண்டும். அதை பிளக்கின் அடியில் ஹெட்டை ஒட்டிப் பிடிக்க வேண்டும். பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துக் காட்டும் என்பதால் கறுப்பு மார்க்கரால் ஒரு பொட்டு வைத்து அந்த இடத்தையே ஒவ்வொரு முறையும் அளப்பது நல்லது. ஒன்றும் இல்லாவிட்டால் ஹெட்டின் மேல் ஒரு துளித் தண்ணீர் விடுங்கள். சீறி ஆவியானால் 100ஐத் தாண்டிவிட்டது.

6 ஒக்டோபர்

கரையில் பரலில் வைத்து ஓட்டிச் சோதித்தால் போதுமா என்ற கேள்விக்கு: ஐட்ல் சோதனைக்குப் போதும், முழு வேகச் சோதனைக்கு உதவாது. 200 லீற்றர் நீலப் பரலில் தண்ணீர் சிறிது நேரத்திலேயே சூடாகும். புகையும் அதற்குள்ளேயே குமிழ்விடுவதால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். பிறகு கொதிப்பது என்ஜினின் குற்றமா பரலின் குற்றமா என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் மட்டம் பம்புக்கு மேலே, புரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டை மூடும்படி இருக்க வேண்டும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டே பரலுக்குள் இறக்குங்கள்.

தண்ணீர் இல்லாமல் "சும்மா ஒரு தரம்" தொடக்கிப் பார்ப்பதையும் விட்டுவிட வேண்டும். இம்பெல்லரின் இதழ்களுக்கு உராய்வைத் தணிப்பது தண்ணீர் மட்டுமே. அது இல்லாமல் சில விநாடிகளில் நுனி கருகத் தொடங்குகிறது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தாலும் கெடும். ஒரு பக்கம் அழுந்தியபடி நின்ற இதழ்கள் பழைய செருப்பு வார்போல வளைந்தபடியே இறுகிவிடும். பிறகு சுவரைத் தொடாமல் சுற்றும். காற்றுக் காலம் முடிந்து இறக்கும் முதல் வாரத்தில் எங்கள் பக்கத்துத் துறைகளில் இத்தனை என்ஜின்கள் கொதிப்பதற்கு இதுவும், காய்ந்து கல்லான உப்பும்தான் காரணம்.

12 ஒக்டோபர்

முகத்துவாரத்துத் தம்பி தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீட்டிலேயே சோதித்திருக்கிறார். நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியையும் தொங்கவிட்டு, மெல்லிய நெருப்பில் சூடேற்றினாராம். 51 பாகையில் அசையத் தொடங்கி, 60ஐ எட்டும்போது முழுதாகத் திறந்து, ஆறியபின் மூடிக்கொண்டதாம். குற்றமற்றது. சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்ற மனைவி மறுத்துவிட்டார் என்பதையும் குறிப்பிட்டிருக்கிறார். அது நியாயமான தீர்ப்பு.

இதே சோதனையை நான் இன்னொரு காரணத்துக்காகவும் வற்புறுத்துகிறேன். சில காலத்துக்கு முன் வத்தளையிலிருந்து வந்த ஒரு என்ஜினில், பஞ்சிகாவத்தைப் பக்கம் ஏதோ ஒரு கடையில் அளவு பொருந்துகிறது என்று வாங்கிய கார்த் தெர்மோஸ்டாட் இருந்தது. கச்சிதமாகத்தான் உட்கார்ந்திருந்தது. விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. அந்த என்ஜினின் ஹெட் உட்புறம் முழுவதும் முட்டையோடு நிறத்தில் படிவு. விளிம்பிலுள்ள எண்ணைப் படித்த பிறகே காசைக் கொடுங்கள்.

13 ஒக்டோபர்

மண்ணெண்ணெய் என்ஜின்காரர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு, ஏனெனில் மேலே நான் எழுதியவை பெற்றோல் என்ஜினை மனத்தில் வைத்தவை. மண்ணெண்ணெயில் ஓடுபவை பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மாற்றப்படுபவை. சிலிண்டர் குளிர்ந்திருந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளிகளாகச் சுவரில் படிந்து ஓயில் படலத்தைக் கழுவிவிடும். தெர்மோஸ்டாட்டை எறிவதால் அதிகம் கெடுவது அவைதான். எறிபவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏற்றப்படும்வரை மண்ணெண்ணெய் மலிவு. அந்தக் காலத்தில் பெற்றோல் என்ஜினில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். பெற்றோல் என்ஜினின் அமுக்க விகிதம் கூடுதல், மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவோ (நேரம் தப்பி வெடிக்காமல் தாங்கும் தன்மை) மிகக் குறைவு. கலவை நேரம் தப்பி வெடித்து, பிஸ்டனின் தலை உருகும். அந்தச் சூட்டைத் தண்ணீரால் தணிக்க முடியாது. கார்புரேற்றர் ஜெட் அடைபட்டு எரிபொருள் குறைந்தாலும், 50க்கு 1 என்று கலக்க வேண்டிய ஓயிலைக் குறைத்தாலும் இதே வகைச் சூடுதான். ஆகவே தண்ணீர் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் இந்த இழையில் பிளக்கையும் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன்: பழுப்பு நிறம் சரி, வெளுத்துச் சாம்பல்போல இருந்தால் எரிபொருள் பக்கம் திரும்ப வேண்டும். தம்பியின் பிளக்குகள் பழுப்பாகவே இருக்கின்றன என்று படம் அனுப்பியிருக்கிறார்.

19 ஒக்டோபர்

மழை வெள்ளத்துக்குப் பிறகு களனி கங்கை கொண்டுவந்து கொட்டியதை எல்லாம் முகத்துவாரத்தில் பார்த்தவர்களுக்கு அடுத்த சந்தேகம் எழுவது இயல்பு. ஷொப்பிங் பையின் ஒரு துண்டு நீர்த் துவாரத்தில் ஒட்டிக்கொண்டால் முழு வேகத்தில்தான் கொதிக்கும். நிறுத்தியவுடன் அது விழுந்துவிடுவதால் தூக்கிப் பார்க்கும்போது ஒன்றும் இருக்காது. ஆனால் அது ஒரு நாளுக்கு உரிய கோளாறு. தம்பியின் என்ஜின் ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி கொதிக்கிறது.

காக்கைதீவுப் பக்கமிருந்து ஒருவர் 2021இல் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்டிக் மணிகளைக் குற்றம் சாட்டுகிறார். அந்த மணிகள் ஐந்து மில்லிமீற்றருக்கு உட்பட்டவை. ஒரு என்ஜினின் நீர்த் துவாரத்துக்குப் பின்னால் வெண்ணிற மணி ஒன்று ஒட்டியிருந்ததை நானே ஊசியால் நெம்பி எடுத்திருக்கிறேன். ஆனால் அந்த என்ஜின் கொதித்தது அதனால் அல்ல; சேற்றில் இழுத்துப்போனதால் பம்பின் அடித்தட்டில் மணல் ஆழமாகக் கோடு போட்டிருந்தது. ஹமில்டன் கால்வாயின் வற்றிய பகுதிகளில் ஓட்டுபவர்கள் அந்தத் தட்டையும் இம்பெல்லரோடு சேர்த்து மாற்றுவது நல்லது.

என்ஜின் உயரத்தையும் இந்த இடத்தில் பார்த்துவிடலாம். புரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டு, படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ அதற்கு ஓர் அங்குலம் வரை கீழாகவோ இருக்க வேண்டும். 20 அங்குலப் பின்பலகையில் 15 அங்குல என்ஜினை மாட்டினால் வேகத்தில் துவாரங்கள் காற்றை உறிஞ்சும், அலையில் இன்னும் மோசம். தம்பி அளந்து சொல்லிவிட்டார்: உயரம் சரி.

20 ஒக்டோபர்

எல்லாரும் புதிய இம்பெல்லரைப் பற்றியே பேசுகிறோம். பழையது எங்கே?

22 ஒக்டோபர்

தம்பி அதை வீசாமல் வைத்திருந்திருக்கிறார். படமும் அனுப்பியிருக்கிறார்: ஆறு இதழ்களில் நான்குதான் இருக்கின்றன. மற்ற இரண்டும் வேரோடு பிய்ந்திருக்கின்றன. பிய்ந்த இடம் பழுப்பேறியிருப்பதால் பழைய முறிவு என்று தெரிகிறது. அவை கடலுக்குப் போயிருக்கலாம் என்கிறார். பம்பிலிருந்து திரும்பிப் போக அவற்றுக்கு வழி இல்லை. தண்ணீர் போகும் திசையில்தான் அவையும் போகும். குழாயின் வளைவிலோ, என்ஜினின் அடியில் தண்ணீர் நுழையும் ஒடுங்கிய வாசலிலோ, அதற்கப்பால் புகைவழி மூடிக்குள்ளோ அவை நிற்கும். இதழ் குறைந்த இம்பெல்லரை எடுத்தால், குறைந்த ஒவ்வொரு துண்டும் கையில் கிடைக்கும்வரை என்ஜினை மூடக்கூடாது. தம்பிக்கு இம்பெல்லர் போட்டுக்கொடுத்த மெக்கானிக் இதைச் செய்யவில்லை. அவர் யாரென்று இங்கே எழுத வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

தேடுவதற்கு எளிய முறை ஒன்று உண்டு. கியர் பெட்டியை இறக்கிவிட்டு, தெர்மோஸ்டாட்டையும் கழற்றி, அது இருந்த வாயில் தோட்டக் குழாயைத் துணி சுற்றிப் பொருத்தி, தண்ணீரைத் தலைகீழாக ஓடவிடுங்கள். கீழே தாராளமாகக் கொட்ட வேண்டும். அடியில் ஒரு வாளி வைத்து அதன் மேல் மெல்லிய துணி கட்டினால் வருவது எல்லாம் அதில் தங்கும்.

27 ஒக்டோபர்

மட்டக்குளியில் என் கொட்டிலுக்கே கொண்டுவந்தார். கியர் பெட்டியின் போல்ட்டுகளில் ஒன்று உப்பில் இறுகியிருந்தது. சுத்தியால் தட்டாமல் சிறு நெருப்புக் காட்டி, ஓயில் விட்டு, இறுக்கும் பக்கமாகச் சற்று அசைத்துப் பிறகு தளர்த்தியதில் முறியாமல் வந்தது. தலைகீழாக விட்ட தண்ணீர் மேலே தேங்கி வழிந்தது, கீழே நூலாகத்தான் இறங்கியது. குழாயைக் கழற்றியபோது அதன் மேல் முனையில் ஒரு துண்டு குறுக்காக நின்றது. மற்றது வரவில்லை. புகைவழி மூடியைத் திறந்த பிறகுதான் கண்ணில் பட்டது: நகத்தளவு கறுப்பு றப்பர், ஓரங்கள் மழுங்கி, உப்பும் மணலும் சேர்ந்து மூக்குப்பொடி நிறத்தில் மேலே பூசி, சுவரின் பாகம் என்றே தோன்றும்படி வாசலில் அமர்ந்திருந்தது. இரண்டு துண்டுகளையும் பழைய இம்பெல்லரோடு சேர்த்துப் பொருத்திப் பார்த்தோம், மிச்சமில்லை.

இரண்டாவதாக ஒன்றும் தெரிந்தது. குழாயின் மேல் முனை உட்காரும் றப்பர் வளையம் ஒரு பக்கம் மடிந்திருந்தது. கியர் பெட்டியைத் திரும்ப ஏற்றும்போது குழாய் நேராக வளையத்துக்குள் போகாமல் அதைத் தள்ளிவிட்டிருக்கிறது. அப்படியானால் பம்ப் தள்ளிய தண்ணீரில் ஒரு பங்கு மேலே போகாமல் நடுத்தண்டுக்குள்ளேயே கொட்டியிருக்கும். ஏற்றும்போது வளையத்துக்கு கிரீஸ் தடவி, ஒருவர் கீழிருந்து தூக்க மற்றவர் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். இம்பெல்லரை ஏற்றும்போதும் அப்படித்தான்: டிரைவ் ஷாஃப்ட்டை அது ஓடும் திசையில், மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாக, சுற்றிக்கொண்டே கூட்டைக் கீழே அழுத்த வேண்டும்; இல்லையேல் இதழ்கள் தலைகீழாக மடியும்.

29 ஒக்டோபர்

யோசித்துப் பார்க்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்துவிட்டதால், கொதிப்புக்கு எது எவ்வளவு காரணம் என்று இனிச் சொல்ல முடியாது. தாரை பலமாக இருந்ததற்குத் துண்டுகள் பொருந்துகின்றன, மடிந்த வளையம் பொருந்தவில்லை. வளையம்தான் பெரிய குற்றவாளி என்றால் தாரை மெலிந்திருக்க வேண்டும். ஆகவே என் சாய்வு துண்டுகள் பக்கம். நீர்கொழும்பு நண்பர் இதை ஏற்கவில்லை: கசிவு இருந்தாலும் மேலே அடைப்பும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துத் தாரையைச் சாதாரணமாகக் காட்டலாம் என்கிறார். அது சரியான வாதம். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, திரும்ப வளையத்தை மடித்துப் பார்க்கவும் மனம் வரவில்லை.

3 நவம்பர்

மூடியைத் திறந்திருக்கும்போதே கழிப்பறை கழுவும் அசிற்றை ஊற்றிப் படிவை நீக்கிவிடலாமே என்று ஒருவர் எழுதியதற்கு உடனே பதில் எழுத வேண்டியிருக்கிறது. செய்யாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருப்பது ஐதரோக்குளோரிக் அமிலம். அது சுண்ணாம்பைவிட ஆர்வமாக அலுமினியத்தைத் தின்னும், எரியக்கூடிய ஐதரசன் வாயுவையும் கிளப்பும். வெறும் உப்பு நல்ல தண்ணீரில் கரையும், அதற்கு நேரம் மட்டும் வேண்டும். சுண்ணாம்புப் படிவுக்கு வினாகிரி போதும். ஊறவிட்டு, மரக்குச்சியால் சுரண்டி, நன்றாகக் கழுவ வேண்டும். தண்ணீர்ப் பாதைக்குள் துத்தநாகக் கட்டை வைத்த என்ஜின்களில் அது உதிர்ந்து வழியை அடைப்பதும் உண்டு. திறந்த கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.

கொதித்த என்ஜினில் அமுக்கத்தையும் அளக்காமல் விடக்கூடாது. இரண்டு சிலிண்டருக்கும் இடையில் பத்து வீதத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் ஹெட்டைத் திறக்க வேண்டியதுதான். தம்பியின் என்ஜினில் மேல் சிலிண்டர் சற்றுக் குறைவு, எல்லைக்குள். பிளக் துவாரம் வழியாக விளக்கடித்துப் பார்த்ததில் சுவரில் மெல்லிய நீளக் கோடுகள் தெரிகின்றன. அவை அழியாது. இப்போதைக்கு ஓடும்.

17 நவம்பர்

நேற்று மாலை துறைக்கு வெளியே முழு வேகத்தில் ஓட்டினோம். கறுப்புப் பொட்டில் மேல் சிலிண்டர் 61, கீழ் சிலிண்டர் 58. பழுதோடு இருந்தபோது மேல் சிலிண்டர் 96 காட்டியதைத் தம்பியே முன்னர் குறித்து வைத்திருந்தார். தெர்மோஸ்டாட் அதன் இடத்திலேயே இருக்கிறது. தாரை முன்பைவிட மெலிவு. அதைப் பார்த்துவிட்டுத் துறையிலிருந்த பெரியவர் ஒருவர் பம்ப் போய்விட்டது என்று உறுதியாகச் சொன்னார். வெப்பமானியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

1 டிசெம்பர்

கழுவும் முறை பற்றிப் பலர் கேட்டதால்: பரலில் நல்ல தண்ணீர் நிரப்பி ஐட்லில் ஓடவிடுவதே போதும், ஆனால் தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்குச் சூடேறும்வரை ஓட வேண்டும், அதற்கு முன் நிறுத்தினால் நல்ல தண்ணீர் ஹெட்டை ஒழுங்காகச் சுற்றியிருக்காது. பிறகு என்ஜினை நிமிர்த்தியே வைத்து வடியவிடுங்கள். கடலிலிருந்து வந்தவுடன் சாய்த்துப் படுக்க வைத்தால் உள்ளே நின்ற உப்புநீர் அங்கேயே வற்றி உப்பாகும்.

தெர்மோஸ்டாட் மூடியின் கேஸ்கட்டைத் திரும்பப் போடலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: போடக்கூடாது. கடதாசிக் கேஸ்கட் ஒருமுறை அமுங்கினால் திரும்பப் பிடிக்காது. பழையதை அச்சாக வைத்துக் கேஸ்கட் கடதாசியில் வெட்டிக்கொள்ளலாம், போல்ட்டுகளுக்குக் கடல் கிரீஸ் பூசி ஏற்றினால் அடுத்த தரம் முறியாமல் வரும்.